இடம் மாற்றி வைத்தால் சிற்பமாகிவிடுமா?

கேள்வி இதுதான்: "சீனக் கலைஞர் ஒருவர், தன் அம்மா சேர்த்து வைத்திருந்த பழைய பாத்திரம், சோப்பு, செருப்பு, காலி டியூப் எல்லாவற்றையும் அருங்காட்சியகத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். அதைச் சிற்பம் என்கிறார்கள். செதுக்கவில்லை, வார்க்கவில்லை, ஒட்டக்கூட இல்லை. இடம் மாற்றி வைப்பது எப்படிச் சிற்பமாகும்? வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நானும் முயன்று பார்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?"

நீங்கள் பார்த்தது சோங் தோங்கின் படைப்பு. அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நமக்குப் பழக்கமான ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தெருவில் நடந்து போகிறோம். ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கின்றன. மேளமோ அழுகையோ காதில் விழுவதற்கு முன்பே அது கல்யாண வீடா, துக்க வீடா என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது. வரிசை கட்டி எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஒன்று. இரண்டும் மூன்றுமாகச் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தால் வேறு. உள்ளே எட்டிப் பார்க்கிறோம். சோபா, டிவி ஸ்டாண்ட், மேஜை எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடத்தின் நடுவில் ஆள் நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடம் எதற்கு என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொருட்கள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, எதைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன: இதையெல்லாம் படிக்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. நிறுவல் கலை, அதாவது இன்ஸ்டலேஷன் செய்கிறவர் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வேலை செய்கிறார்.

சரி, அதை ஏன் சிற்பம் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள்? சிற்பியின் மூலப்பொருள் கல்லும் வெண்கலமும் மட்டும் என்று நினைத்தால் குழப்பம் வரும். நடராசர் செப்புத் திருமேனியை நினைத்துப் பாருங்கள். தூக்கிய காலுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, விரிந்த கைகளுக்கும் திருவாசிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இதையெல்லாம் உலோகத்தால் அடைத்துவிட்டால் ஆட்டமே நின்றுவிடும். வார்த்த சிற்பி அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத்தான் வார்த்தார். எடை, இடைவெளி, பார்க்கிறவர் நிற்கும் இடம், இந்த மூன்றும் சிற்பியின் கையில் உள்ளவை. நாற்காலியை இடம் மாற்றி வைப்பவருக்கும் இதே மூன்றுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கல் சிற்பி கல்லிலிருந்து வேண்டாத கல்லை எடுக்கிறார். வீட்டுப் பொருளோடு வேலை செய்கிறவர் அந்தப் பொருளிலிருந்து பயனை எடுக்கிறார். உட்கார முடிகிற வரைக்கும் நாற்காலியை நாம் பார்ப்பதில்லை, உட்கார்ந்துவிடுகிறோம். உட்கார முடியாத இடத்தில், முடியாத விதத்தில் அதை வைத்தவுடன்தான் நான்கு கால், ஒரு முதுகு, இரண்டு கை என்று அது கண்ணில் படுகிறது. அதன் இருக்கை நம் முழங்கால் உயரம், முதுகுப்பலகை நம் முதுகின் உயரம். உட்கார்ந்த மனிதரைச் சுற்றிக் கோடு போட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் நாற்காலி. இதை மனதில் வைத்துக்கொண்டால் நான் கீழே சொல்லப்போகும் படைப்புகள் எல்லாம் ஒரே நூலில் கோத்தவை என்று தெரியும்.

வரலாற்றை ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாக மார்செல் டூஷானிடமிருந்து ஆரம்பிப்பார்கள். 1913இல் சைக்கிள் சக்கரத்தை ஒரு ஸ்டூலின் மேல் பொருத்தினார். 1917இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்குச் சிறுநீர்க்கலம் ஒன்றைப் படுக்கவைத்து, "ஆர். மட்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். காட்சிக்கு வைக்கவில்லை, அசல் தொலைந்தும் போயிற்று. முக்கியமான திருப்பம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பாதிப் பதில்தான். டூஷானின் கவனம் "இதைக் கலை என்று முடிவு செய்வது யார்" என்பதில் இருந்தது. அறை, நடை, இடைவெளி எல்லாம் அவருக்கு அங்கே பெரிய விஷயமில்லை. அது பின்னால் வந்தவர்களின் வேலை.

இப்போது சோங் தோங். 1966இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அவருடைய அம்மா ஜாவ் ஷியாங்யுவான், பற்றாக்குறைக் காலத்தில் குடும்பம் நடத்தியவர். துணிக்கும் சோப்புக்கும் கூப்பன் இருந்த நாட்கள். எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பது அந்தத் தலைமுறைக்கு நல்ல குணம் மட்டுமல்ல, பிழைக்கிற வழி. 2002இல் சோங் தோங்கின் அப்பா திடீரென்று இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவின் சேர்த்து வைக்கும் பழக்கம் கட்டுக்கடங்காமல் போயிற்று. ஆள் இல்லாத இடத்தைப் பொருட்களால் நிரப்புகிற மாதிரி வீடு முழுக்க நிரப்பினார். பிள்ளைகள் ஒழுங்குபடுத்த முயன்றால் அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

2005இல் சோங் தோங் ஒரு வழி கண்டுபிடித்தார். எதையும் தூக்கிப் போட வேண்டாம், எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஓரிடத்தில் அடுக்குவோம் என்றார். பெய்ஜிங்கில் ஒரு கலைக்கூடத்தில் அம்மாவும் மகனும் சேர்ந்து அடுக்கினார்கள். 10,000க்கு மேற்பட்ட பொருட்கள். பிழிந்து தீர்ந்த பற்பசை டியூப், பாட்டில் மூடி, பிளாஸ்டிக் பை, கிழிசல் துணி, மருந்துப் பெட்டி, தெர்மோகோல், சட்டி பானை, செருப்பு. நடுவில் பழைய வீட்டின் மரச் சட்டகமே எலும்புக்கூடு மாதிரி நின்றது. பொருளின் பயன் கடைசித் துளி வரை தீரும்படி பயன்படுத்து என்று பொருள்படும் ஒரு சீன வழக்கைத் தலைப்பாக வைத்தார்கள். அம்மா அங்கேயே இருந்து பார்க்க வந்தவர்களோடு பேசினார். பார்க்க வந்தவர்களில் பலருக்கும் சொந்த வீட்டு ஞாபகம். பேச்சு பேச்சாக அவர் துக்கத்திலிருந்து மெல்ல வெளியே வந்தார்.

அந்தப் பொருட்களில் சோப்பின் கதையை நான் மறக்கவே மாட்டேன். மகனுக்குத் தன்னைப் போலக் கஷ்டம் வரக்கூடாதென்று அம்மா துணி சோப்பு சேர்த்து வைத்தார். கல்யாணத்தின்போது அதை அவனுக்குக் கொடுத்தார். வாஷிங் மெஷின் இருக்கிறது, இந்தச் சோப்பு வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டார். அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை, அவனுக்காகவே திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கும்போது அந்தச் சோப்புக் கட்டிகளும் வெளியே வந்தன. காய்ந்து இறுகிப்போன சோப்பு. அதை ஒரு கல் சிற்பி செதுக்கித் தந்திருந்தால் இதைவிடக் கனமாக இருந்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

இது உணர்ச்சிக் கதை மட்டும்தானே, சிற்பம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அடுக்கிய விதத்தைப் பாருங்கள். கலந்து குவிக்கவில்லை, இனம் இனமாகப் பிரித்திருக்கிறார்கள். டியூப் டியூபோடு, மூடி மூடியோடு. ஒரே ஒரு பற்பசை டியூப் தரையில் கிடந்தால் குப்பை. அதே டியூப்கள் வரிசையாகக் கிடந்தால், ஒவ்வொன்றையும் கடைசி வரை பிழிந்த விரல்களின் அழுத்தம் தெரிகிறது. பெரும்பாலான பொருட்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. நடுவில் ஒற்றையடிப் பாதைகள். விமானத்திலிருந்து ஊரைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டே போகிறோம். குனிகிற உடம்பு தானாகவே மரியாதைக்குள் வந்துவிடுகிறது. "அப்பா, கவலைப்படாதீங்க, அம்மாவும் நாங்களும் நல்லா இருக்கோம்" என்ற பொருளில் சீன எழுத்தில் ஒரு நியான் விளக்கு, மேலிருந்து பார்ப்பவர் படிப்பதற்கு வாகாக, வானத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தரையும் வானமும் இரண்டும் இந்த அமைப்பில் உண்டு.

2009இல் அம்மா இறந்துபோனார். அதே ஆண்டு இந்தப் படைப்பு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்குப் பிறகு லண்டன், சிட்னி. இப்போது மகனும் மகளும் மருமகளும் சேர்ந்து அடுக்குகிறார்கள். பொருட்கள் அதேதான், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் திரும்பத் தொட்டு, துடைத்து, வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த அடுக்குகிற வேலையே படைப்பின் பாதி என்று நான் நினைக்கிறேன்.

பொருளை நகர்த்துவதே கலை என்பதை இன்னும் நேரடியாகச் செய்து பார்த்தவர் அமெரிக்கரான ஆலன் காப்ரோ. அவருடைய ஓவிய ஆசிரியர் ஹான்ஸ் ஹாஃப்மன், நிறங்கள் ஒன்றையொன்று முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் செய்யும் என்று சொல்லிக்கொடுத்தவர். 1963இல் காப்ரோ அந்தத் தள்ளலையும் இழுத்தலையும் அப்படியே மேஜை நாற்காலிக்குக் கொண்டுவந்தார். மரச்சாமான்கள் போட்ட இரண்டு அறைகள். உள்ளே வருகிறவர்கள் விருப்பம்போல இழுத்துப் போடலாம், தள்ளலாம், திருப்பலாம். முடிந்த வடிவம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் முயலப்போகிற உங்களுக்கு இது உதவும், பின்னால் சொல்கிறேன்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ. 1985 நவம்பர் 6ஆம் தேதி, பொகோட்டா நகரின் நீதிமன்ற மாளிகையை எம்-19 என்ற கெரில்லாக் குழு கைப்பற்றியது. ராணுவம் தாக்கியது. 7ஆம் தேதி எல்லாம் முடிந்தபோது உச்சநீதிமன்ற நீதிபதிகள் 11 பேர் உட்படச் சுமார் 100 பேர் இறந்திருந்தார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 2002இல் அதே நவம்பர் 6 அன்று, காலை 11.35 மணிக்கு, புதிதாகக் கட்டிய நீதிமன்ற மாளிகையின் கூரை விளிம்பிலிருந்து ஒரு மர நாற்காலி மெதுவாகச் சுவரோரம் இறங்கியது. அப்புறம் இன்னொன்று. முற்றுகை நடந்த அதே 6, 7 தேதிகளில் நாற்காலிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மொத்தம் 280. பேச்சு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கீழே சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

நாற்காலியைச் சுவரில் தொங்கவிட்டது மட்டும்தானே என்று கடந்துபோக முடியாது. நீதிமன்றத்தில் நாற்காலி என்றால் நீதிபதி. அலுவலகத்தில் நாற்காலி என்றால் அங்கே வேலை செய்தவர். காலியாகத் தொங்குகிற ஒவ்வொன்றும் ஓர் ஆளின் அளவில் இருக்கிறது. அதை இறக்கிய வேகமும் சம்பவம் நடந்த நேரத்தோடு ஒத்துப்போகிறது. நேரத்தையும் ஒரு பொருளாக எடுத்துக் கையாண்டிருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 2003இல், இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த காலி மனையில் சுமார் 1,550 நாற்காலிகளைக் கொட்டியது போல நிரப்பினார். கொட்டியது போல என்று சொன்னேன், ஆனால் முன்பக்கத்தைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். பக்கத்துக் கட்டடங்களின் முகப்போடு ஒரே மட்டமாக, ஒரு நாற்காலிக் கால்கூட வெளியே நீட்டாமல், ரசமட்டம் வைத்து வெட்டியது போல நிற்கிறது. உள்ளே அத்தனை குழப்பம், வெளியே சுவர் மாதிரி ஒழுங்கு. இந்த இரண்டும் சேரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அவர் வேறு சில படைப்புகளில் பழைய அலமாரி, கட்டில், நாற்காலிகளை எடுத்து உள்ளே கான்கிரீட் ஊற்றி அடைத்திருக்கிறார். கொலம்பியாவில் காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு நீண்ட நாள் பேசிய பிறகு செய்தவை. கான்கிரீட்டில் சட்டையின் மடிப்பு அங்கங்கே தெரியும். அலமாரியைத் திறக்க முடியாது. திறக்க முடியாத அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொருள் சரி, அறையை என்ன செய்வது? பிரிட்டனின் ரேச்சல் வைட்ரீட் அறையின் காற்றையே வார்த்தெடுத்தார். 1990இல் வடக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டின் வரவேற்பறைச் சுவர்களில் பிளாஸ்டரைப் பூசி, காய்ந்ததும் துண்டு துண்டாகக் கழற்றி, வெளியே கொண்டுபோய்ச் சேர்த்து நிறுத்தினார். அதாவது அறைக்குள் இருந்த வெற்றிடம் திடப்பொருளாகிவிட்டது. கணப்படுப்பின் கரி பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு வந்தது. கதவுக் குமிழ் இருந்த இடத்தில் குழி, ஜன்னல் உள்வாங்கியிருந்த இடத்தில் புடைப்பு. நாம் எப்போதும் உள்ளே இருந்து பார்க்கிற அறையைச் சுற்றி வந்து வெளியே இருந்து பார்க்கிறோம். 1993இல் கிழக்கு லண்டனில், இடிக்கவிருந்த வரிசை வீடுகளில் கடைசியாக நின்ற ஒரு வீட்டின் உட்புறம் முழுவதையும் கான்கிரீட்டில் இப்படிச் செய்து, பிறகு வெளிச் சுவர்களை அகற்றினார். அக்டோபர் 25இல் முடிந்தது. பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது; அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசு அறிவித்த அதே நாளில், அதை இடித்துவிட வேண்டும் என்று உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11இல் இடித்துவிட்டார்கள். மூன்று மாதம்கூட நிற்கவில்லை. இன்று அந்த இடத்தில் புல்வெளிதான். படங்களில் பார்த்தாலே எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஜெர்மனியின் கிரெகோர் ஷ்னைடர் 1985 முதல் ரைட் என்ற ஊரில் ஒரே வீட்டுக்குள் சுவருக்கு முன் சுவர், அறைக்குள் அறை என்று கட்டிக்கொண்டே போனார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில் 2001இல் அதற்குத் தங்கச் சிங்கம் என்ற விருது கிடைத்தது. இருட்டும் நெருக்கமும் அவருடைய வேலை. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, மனம் போனால் நீங்கள் தேடிப் பாருங்கள்.

ஆனால் இல்யா கபகோவை விடக்கூடாது. பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கு ஓர் அறையில் வாழ்ந்த சோவியத் குடியிருப்புகள் அவருக்கு நன்றாகத் தெரியும். 1985இல் மாஸ்கோவில் தன் பணியிடத்தில் அப்படி ஓர் அறையை அமைத்தார். சுவர் முழுக்கப் பிரச்சாரச் சுவரொட்டிகள். ஒரு கட்டில். கூரையில் பெரிய ஓட்டை. நடுவில் கவண் மாதிரி இழுத்துக் கட்டிய ஓர் இருக்கை, கீழே கழற்றிவிட்ட காலணி, சிதறிய காரை. அந்த அறைவாசி கூரையைப் பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விட்டார் என்பது கதை. பலகை அடித்த வாசலின் இடுக்கு வழியாகத்தான் எட்டிப் பார்க்க முடியும். போனவர் எங்கேயும் இல்லை, அவருடைய அவசரம் மட்டும் அறை முழுக்கக் கிடக்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தால் சுபோத் குப்தா. பீகாரின் ககௌல் ஊர்க்காரர், எவர்சில்வர் பாத்திரங்களால் பெயர் பெற்றவர். டம்ளர், வாளி, தூக்குச்சட்டி என்று நம் சமையலறையில் உள்ள அத்தனையும் அவரிடம் உண்டு. 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களாலேயே ஒரு ராட்சத மண்டையோடு செய்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது 2012இல் முதல் கொச்சி முசிறி பியனாலேயில் அவர் வைத்த படகு. 20 மீட்டருக்கு மேல் நீளமான கேரளப் படகு, ஒரு பக்கமாக மேலே தூக்கி நின்றது. அதற்குள் நாற்காலி, கட்டில், ஜன்னல் சட்டம், மீன் வலை, சைக்கிள், பழைய பாத்திரம் என்று ஒரு குடும்பமே வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பியது போலத் திணித்திருந்தார். மண்டையோட்டில் பளபளப்பு முந்திக்கொள்கிறது. படகில் பொருட்கள் புழங்கியவை, நசுங்கியவை. புழங்கிய பாத்திரத்தின் பலம் அதுதான். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டி வைப்போமே, அப்படிப்பட்ட ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்தாலே யாருடைய கல்யாணம், எந்த ஆண்டு என்று அது சொல்ல ஆரம்பித்துவிடும்.

அறையை நினைவிலேயே மீண்டும் அமைக்கும் ஒரு வேலையும் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன், போரில் வீட்டை விட்டு வந்தவர்களிடம் அவர்கள் வாழ்ந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அது 2011இல் "தி இன்கம்ப்ளீட் தோம்பு" என்ற நூலாக வந்தது. தோம்பு என்பது அங்கே பழைய காணிப் பதிவேட்டின் பெயர். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எங்கே என்று கை நடுங்க வரைந்த கோடுகள். ஒரு பொருளைக்கூட நகர்த்தாத நிறுவல் என்று அதைச் சொல்லலாம்.

இப்போது உங்கள் காலி அறை.

உங்களுக்குக் கொலு வைத்த அனுபவம் இருந்தால் பாதித் தயாரிப்பு முடிந்தது. இரும்புப் படி வாங்காத வீடுகளில் ட்ரங்க் பெட்டி, மேஜை, எண்ணெய் டின், கனமான புத்தகங்கள் எல்லாவற்றையும் உயரம் பார்த்து அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்துவிடுவார்கள். பெட்டி பெட்டியாக இல்லாமல், மேஜை மேஜையாக இல்லாமல் ஒன்பது நாள் படியாக இருக்கும். எதை எங்கே வைத்தால் கண் எங்கே போகும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். கொலு வழிபாடு, அதன் ஒழுங்கு ஏற்கெனவே தீர்மானமானது. உங்கள் அறையில் அந்த ஒழுங்கை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கை பழகியிருக்கிறது.

முதலில் அறையை முழுக்கக் காலி செய்யுங்கள். நாள்காட்டி, ஆணி, கொடிக்கயிறு வரை. பெருக்கித் துடையுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். காலையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் வருகிறது, மாலையில் எந்த மூலை முதலில் இருட்டுகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே வருகிறவர் முதலில் எதைப் பார்ப்பார் என்று கவனியுங்கள். அவசரப்பட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அறையைப் பிறகு யோசிப்பவர்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

அப்புறம் ஒரே இனப் பொருளை எடுங்கள். பத்து இனம் வேண்டாம். ஸ்டூல் என்றால் ஸ்டூல். டம்ளர் என்றால் டம்ளர். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கினால் எத்தனை கிடைக்குமோ அத்தனை. புதிதாகக் கடையில் வாங்காதீர்கள்; புழங்காத பொருளில் யாருடைய கையும் இருக்காது. கொடுப்பவரிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். அதிலும் இறந்தவர் ஒருவருடைய பொருளாக இருந்தால், குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா என்று இரண்டு முறை கேளுங்கள். சோங் தோங்கின் படைப்பு மனதைத் தொடுவதற்கு அம்மாவே உட்கார்ந்து அடுக்கியதும் ஒரு காரணம்.

இனி நகர்த்த ஆரம்பியுங்கள். காப்ரோ மாதிரி, முடிவு எதையும் மனதில் வைக்காமல். எல்லாவற்றையும் ஒரு மூலையில் நெருக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் சுவர் பார்த்துத் திருப்பிப் பாருங்கள். ஒன்றை மட்டும் தள்ளி வைத்துப் பாருங்கள். வெறும் பத்து நாற்காலியில் ஒன்பது வாசலைப் பார்த்தும் ஒன்று ஜன்னலைப் பார்த்தும் இருந்தால் அறையின் மனநிலையே மாறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், செய்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். இடைவெளி ஒரு சாண் கூடினால் என்ன ஆகிறது, குறைந்தால் என்ன ஆகிறது என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

கை வரவில்லை என்றால் சின்னதாகச் சமையலறை மேஜையில் பழகுங்கள். ஸ்விட்சர்லாந்தின் பீட்டர் ஃபிஷ்லி, டேவிட் வைஸ் என்ற இருவர் 1984 முதல் 1986 வரை பாட்டில், கரண்டி, காய்கறி, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததை ஒன்றன்மேல் ஒன்றாகச் சமநிலையில் நிறுத்தி, விழுவதற்குள் படம் எடுத்துக்கொண்டார்கள். பசை கிடையாது. ஒரு காரட்டும் ஒரு துருவியும் எங்கே தொட்டால் நிற்கும் என்று விரல்களால் தேடும்போது எடை பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு விளக்கு போதும். 1991இல் கார்னீலியா பார்க்கர், பிரிட்டிஷ் ராணுவத்தின் உதவியோடு ஒரு தோட்டக் கொட்டகையை வெடிக்கவைத்து, சிதறிய துண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு நடுவில் ஒரே ஒரு 200 வாட் பல்பை எரியவிட்டார். சுவர் முழுக்க நிழல்கள். வெடிப்பு அப்படியே நின்றுபோன மாதிரி. உங்கள் அறையிலும் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பல்பைத் தரையில் வைத்துப் பாருங்கள்; ஸ்டூல் கால்களின் நிழல் கூரை வரை ஏறும்.

பார்க்கிறவரின் உயரத்தையும் மாற்றலாம். அமெரிக்கரான ராபர்ட் தெரியன் 1994இல், பெரியவர்கள் தலை குனியாமல் அடியில் நடந்து போகிற அளவுக்கு ஒரு சாப்பாட்டு மேஜையும் நாற்காலிகளும் செய்தார். மேஜைக்கு அடியில் விளையாடிய வயது சட்டென்று திரும்பி வரும். அத்தனை பெரிய மேஜைக்கு நமக்கு வசதியில்லை. ஆனால் வருகிறவரைத் தரையில் பாய் போட்டு உட்காரவைத்துவிட்டால் சாதாரண நாற்காலியே உயர்ந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாற்காலிகளை நெஞ்சுயரத்துக்கு மேல் அடுக்குவதாக இருந்தால், கால்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, தொடுகிற இடங்களில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். பின்புறம் சுவரில் ஒரு பிடிப்பு வேண்டும். தொங்கவிடுவதென்றால் மின்விசிறிக் கொக்கியை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள், கொத்தனாரிடம் காட்டிக் கேளுங்கள். குழந்தைகள் வருகிற வீட்டில் எதுவும் சாய்ந்து நிற்க வேண்டாம். மோனா ஹாட்டூம் 2000இல் சமையல் பாத்திரங்களிலும் மரச்சாமான்களிலும் மின்சாரம் பாயவிட்டு, வீடு என்பதே ஆபத்தான இடமாகத் தெரியும்படி ஒரு படைப்பு செய்தார். பார்க்கிறவர்கள் கிட்டே போக முடியாதபடி குறுக்கே கம்பி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரு சோதனை உண்டு. விளக்கம் எதுவும் சொல்லாமல் வீட்டில் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு, அவருடைய நடையைக் கவனியுங்கள். நேராக ஜன்னலுக்குப் போய்விட்டால் பொருட்கள் வழிமறிக்கவில்லை என்று அர்த்தம். "இதை எங்கே எடுத்து வைக்கணும்?" என்று கேட்டால் அது இன்னும் ஒதுங்க வைக்காத சாமானாகத்தான் இருக்கிறது. நடை தானாக மெதுவானால், அல்லது வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டால், நீங்கள் வைத்த இடைவெளி வேலை செய்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதைவிட எங்கே நின்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள்.

கலைக்கும் முன் வாசலில் நின்று கண் உயரத்தில் ஒரு படம், அறையின் நான்கு மூலைகளிலிருந்து நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஒவ்வொரு காலும் இருந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு பொருட்களைத் துடைத்து, யார் யாரிடம் வாங்கினீர்களோ அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வட்டங்களை உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்தக் காலி அறைக்குள் போய்ப் பாருங்கள். எந்த வட்டத்தின் மேல் கால் வைக்க உங்களுக்கு மனம் வரவில்லையோ, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம்.